சட்டி அங்கே, இலை இங்கே

கேள்வி: ஜெர்மனியில் காப்புரிமை வழக்கு, ஆதாரமோ அமெரிக்க நிறுவனத்திடம். எப்படி வாங்குவது?

பதில்: சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும். இங்கே சட்டி அமெரிக்காவில், இலை ஜெர்மனியில். இரண்டுக்கும் எட்டுகிற அகப்பை, அமெரிக்கச் சட்டத்தொகுப்பு 28-ஆம் தலைப்பின் 1782-ஆம் பிரிவு. அந்த நிறுவனம் இருக்கும் வட்டாரத்து மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டால் மின்னஞ்சல், வரைபடம், பொறியாளரின் வாக்குமூலம் எல்லாம் கேட்கலாம். 'உங்கள் நாட்டில் இதைக் கேட்க வழியில்லையே' என்பது மட்டுமே மறுக்கப் போதாது; 2004-இல் இன்டெல், ஏஎம்டி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு இது. ஆனால் கொடுப்பதும் மறுப்பதும் நீதிபதியின் விருப்புரிமை. 'இருப்பதையெல்லாம் கொடு' என்றால் கையை விரித்துவிடலாம். எந்தக் கோப்பு, எதை நிரூபிக்க என்று எழுதிக் கேளுங்கள். அளந்து கேட்பவருக்கே அகப்பை நிறையும்.