பாடும் கிண்ணமும் இல்லறமும்: ஓர் ஒலியியல் ஆராய்ச்சி

வெண்கலக் கடையில் யானை புகுந்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழர்கள் எப்போதோ பழமொழியாக வகுத்துவிட்டார்கள். அதே வெண்கலம் ஒற்றைக் கிண்ணமாக வீட்டுக்குள் புகுந்தால் என்ன ஆகும் என்பதை இதுவரை யாரும் முறையாக ஆராயவில்லை. அந்தக் குறையைப் போக்க எழுந்ததே இக்கட்டுரை. ஆய்வுப்பொருள்: நேபாளத்தின் காட்மாண்டுப் பள்ளத்தாக்கில் சுத்தியலால் அடித்துச் செய்த, உள்ளங்கையை நிறைக்கும் கிண்ணம். துணைக்கருவி: உருண்டையான மரக்கட்டை. ஆய்வுக்களம்: கூடம். கட்டுப்படுத்த முடியாத காரணிகள்: வீட்டில் உள்ள மற்ற அனைவரும்.

கிண்ணத்தின் தோற்றம் பற்றி இரண்டு பள்ளிகள் உண்டு. பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டுச்சீட்டையே மூலநூலாகக் கொள்வோர் முதற்பள்ளியினர். திபெத்திய லாமாக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாகத் தியானத்தில் வாசித்தது, ஏழு கோள்களுக்கு ஏழு உலோகம் சேர்த்தது என்பது இவர்கள் கொள்கை. ஆனால் திபெத்திய மடங்களின் வழிபாட்டில் ட்ரில்பு என்னும் கைமணிக்கும், டிங்ஷா என்னும் சிறு தாளத்துக்கும், ஆள் உயரத்தை மிஞ்சும் துங்சென் கொம்புக்கும் உள்ள தெளிவான இடம் இந்தக் கிண்ணத்துக்கு இல்லை. உலோகத்தைச் சோதித்தவர்களுக்கோ ஏழில் இரண்டுதான் சொல்லிக்கொள்ளும்படி அகப்பட்டன: செம்பு நூற்றுக்கு ஏறக்குறைய 78 பங்கு, மீதி வெள்ளீயம். மற்ற ஐந்து கோள்களும் துண்டுச்சீட்டில் மட்டும் சஞ்சரிக்கின்றன. மேற்குலகில் இந்த ஒலிக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஹென்றி உல்ஃப், நான்சி ஹென்னிங்ஸ் இருவரும் 1972இல் வெளியிட்ட ‘டிபெட்டன் பெல்ஸ்’ இசைத்தட்டு. அந்தக் கணக்கில் பார்த்தால், உலகம் கேட்டறிந்த பல்லாயிரமாண்டு மரபு ‘அன்னக்கிளி’ திரைப்படத்துக்கு நான்கே ஆண்டு மூத்தது.

இரண்டாம் பள்ளிக்கு ஒரே ஒருவர்தான் உறுப்பினர். அவர் இவ்வாய்வாளனின் தாயார். பெட்டியைப் பிரித்ததும் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்து, விரலால் சுண்டி, “நல்ல கனமா இருக்கு. இதுல ரசம் ஊத்தி வச்சா சீக்கிரம் ஆறாது” என்று தீர்ப்பு வழங்கினார். இமயமலைப் பகுதியில் இத்தகைய கிண்ணங்கள் சாப்பாட்டுக்கும் வீட்டுப் புழக்கத்துக்கும் இருந்தவை என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் பலரும் வந்திருக்கிறார்கள். வந்து சேர அவர்களுக்கு இவ்வளவு காலம் பிடித்ததற்கு, சமையலறைப் பக்கம் போகாததே காரணம்.

இங்கே ஒரு கிளைச்செய்தி. நீலகிரியின் ஈமச்சின்னங்களிலும் ஆதிச்சநல்லூரிலும் கிடைத்த வெண்கலக் கிண்ணங்களில் சில, இதேபோல வெள்ளீயம் மிகுந்த கலவையைக் காய்ச்சி அடித்து, தண்ணீரில் முக்கிப் பதப்படுத்தியவை என்று தொல்லுலோகவியலாளர் சாரதா சீனிவாசன் ஆராய்ந்து காட்டியிருக்கிறார். அவற்றின் விளிம்பில் யாரேனும் கட்டையை உரசிப் பார்த்தார்களா என்பதற்குச் சான்றில்லை. பார்த்திருந்தால் வீட்டார் என்ன சொன்னார்கள் என்பதற்கும் சான்றில்லை. ஊகிக்க மட்டும் முடிகிறது.

தொன்மை பற்றி இன்னொன்று. கிண்ணத்தின்மீது படிந்திருந்த கருமைதான் அதன் நூறாண்டுப் பழமைக்கு அத்தாட்சி என்று விற்றவர் சொல்லியிருந்தார். இவ்வாய்வாளன் அலுவலகம் போயிருந்த ஒரு பகற்பொழுதில், இரண்டாம் பள்ளி அதைப் புளி போட்டுத் தேய்த்தது. நூறாண்டும் சாக்கடையில் போனது. கிண்ணம் நேற்றுப் பிறந்தது போலப் பளபளத்தது. நாதமோ இம்மியும் மாறவில்லை. எனவே பழமைக்கும் இனிமைக்கும் தொடர்பில்லை என்பது எங்கள் கழுவுதொட்டியில் நிறுவப்பட்ட முதல் முடிவு. கூடவே தனி விலைக்கு வந்த பட்டு மெத்தையும் அன்றே பிரிமணை என்று அடையாளம் காணப்பட்டு, உரிய பணியில் அமர்த்தப்பட்டது.

இனி வாசிப்பு. கிண்ணத்தை விரித்த உள்ளங்கையில் வைக்கவேண்டும். விரல்கள் சுவரைத் தொட்டால் ஒலி செத்துவிடும். கட்டையைப் பக்கவாட்டில் விளிம்போடு அழுத்தி, மணிக்கட்டைத் திருப்பாமல் முழங்கையிலிருந்தே மெதுவாகச் சுற்றவேண்டும். வயலின் வில்லுக்கும் தந்திக்கும் நடுவே நடப்பதுதான் இங்கேயும் நடக்கிறது. கட்டை ஒரு கணம் பற்றுகிறது, மறுகணம் வழுக்குகிறது, மீண்டும் பற்றுகிறது. அந்த உரசலில் வட்டமான விளிம்பு முட்டை வடிவாகி, பிறகு எதிர்த்திசையில் முட்டை வடிவாகி, நொடிக்குச் சில நூறு முறை இப்படி மாறி மாறி நெளிகிறது. கண்ணுக்குத் தெரியாது; தோலுக்குத் தெரியும்.

சும்மா தட்டினாலும் கிண்ணம் ‘வோம் வோம்’ என்று ஏறி இறங்கும். சுத்தியல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விழாததால், மிக நெருங்கிய இரண்டு அதிர்வெண்கள் பிறந்து ஒன்றையொன்று கூட்டியும் குறைத்தும் விளையாடுவதன் விளைவு அது. ஆகவே கைவேலையின் கோணல்தான் இதன் அழகு. கடைசல் எந்திரத்தில் அச்சாகத் திரண்ட கிண்ணத்தில் இந்த ஏற்ற இறக்கம் குறைவு. ஆனால் உரசி வாசிக்கும்போது வரும் ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் வேறு. 2006இல் போர்ச்சுகலைச் சேர்ந்த இனாசியோ, என்ரிக், அன்டூனெஷ் மூவரும் இதைக் கணித்துக் காட்டினார்கள். அதிர்வின் கோலம் கட்டையைப் பின்தொடர்ந்து தானும் சுற்றுகிறதாம். அதனால் கிண்ணம் அப்பழுக்கில்லாத வட்டமாக இருந்தாலும், ஒரு சுற்றுக்கு நான்கு முறை ஒலி தூக்கலாகும்.

அவசரப்பட்டு வேகமாகச் சுற்றினால், நெளியும் விளிம்பு கட்டையை உதைத்துத் தள்ளி ‘கடகட’வென்று அலறும். குடும்பத்தார்க்கு இக்கலை முதலில் அறிமுகமாவது இந்த ஒலி வழியாகத்தான். பிற்காலக் கசப்புகள் பலவற்றுக்கும் வேர் இங்கே இருக்கிறது. கட்டையின் மேல் தோல் சுற்றினால் சத்தம் தணிந்து அடிநாதம் மட்டும் எழும். (பூரிக்கட்டையில் பழைய கைப்பையின் தோலைச் சுற்றி மேற்கொண்ட பரிசோதனை, பூரி தேய்க்கவேண்டிய நாளோடு மோதியதால் கைவிடப்பட்டது.)

மேற்படி போர்ச்சுகல் அறிஞர்கள் கட்டையின் அழுத்தத்தை அளந்தார்கள், வேகத்தை அளந்தார்கள். ‘ஏங்க’வை அளக்காமல் விட்டார்கள். நாதம் திரள்வதற்குச் சில நொடிகள் வேண்டும். அந்த நொடிகளில் வாசிப்பவர் கண்ணை மூடி, கையை மட்டும் சுற்றிக்கொண்டிருப்பார். உள்ளே ஒரு பெருங்காரியம் நடக்கிறது என்பது அவருக்குத் தெரியும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கோ ஓர் ஆள் சும்மா உட்கார்ந்திருக்கிறார். “சும்மாதானே இருக்கீங்க, அந்த மாடித் துணிய எடுத்துட்டு வந்துடுங்களேன்.” இதிலிருந்து பிறப்பதே முதல் விதி: நாதம் முழுமை பெறும் கணமும் கூப்பிடும் கணமும் ஒன்றே.

குக்கர் இரண்டாவது இடர். “இப்ப வந்தது மூணாவது விசிலா, நாலாவதா?” என்று கேட்கும் வாழ்க்கைத்துணைவியார்க்கு, கிண்ணத்தின் நீண்ட ரீங்காரத்தில் கணக்குத் தப்பிவிடுகிறது. பருப்பு குழைந்ததற்கும் குழையாததற்கும் ஒரே குற்றவாளி என்ற விசித்திர நிலை இதனால் உருவாயிற்று. ஒரு மாலையில் எதிர்வீட்டுப் பாட்டி, தீபாராதனை என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டே உள்ளே வந்தார். கற்பூரம் இல்லை என்று தெரிந்ததும், “பின்ன எதுக்குப்பா மணி அடிச்சே?” என்றார். ஆய்வுலகில் இதுவரை எழுந்த கேள்விகளில் இதுவே ஆழமானது. அடுத்த தெருச் சங்கீத ரசிகர் ஒருவர் சுருதிப்பெட்டியோடு வந்து ஒத்துப் பார்த்து முகம் சுளித்தார். அடிநாதத்துக்கு மேலே எழும் அடுத்த ஒலி, அதைப்போல ஏறக்குறைய 2.7 மடங்கில் நிற்பது. மேல்ஸட்ஜமத்திலும் சேராது, பஞ்சமத்திலும் சேராது. “ஜலதரங்கம்னா கிண்ணத்துக்குக் கிண்ணம் ஸ்வரம் மாறும். ஒண்ணே ஒண்ண வச்சு என்ன பண்றது தம்பி?” என்றார். கட்டையை எடுத்துவிட்டுக் காத்திருப்பதுதான் செய்யவேண்டியது. உரசல் நின்ற பிறகும் உள்ளங்கையில் அதிர்வு ஓடிக்கொண்டிருக்கும். ஒலி எங்கே முடிந்தது, காது எங்கே கற்பனை செய்யத் தொடங்கியது என்று பிரித்துச் சொல்ல முடியாத ஓரிடம் வரும். அவரிடம் இதைச் சொல்வதற்குள் குக்கர் கூவிவிட்டது.

கடைசியாக, நீர்ப்பரிசோதனை. விளிம்பை உரசிக் கோப்பையைப் பாடவைத்தால் உள்ளே உள்ள தண்ணீரில் அலைக்கோலம் எழுவதை 1638இல் கலிலியோவே எழுதிவைத்தார். அதிரும் பரப்பில் நீர் இப்படி நெளிவதை 1831இல் ஃபாரடே ஆராய்ந்தார். 2011இல் டெனிஸ் டெர்வாக்னே, ஜான் புஷ் இருவரும் இதே வகைக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி ஆராய்ந்து, அதிர்வு கூடக்கூட அலை உடைந்து துளிகள் தெறிப்பதையும், சில துளிகள் நீர்ப்பரப்பின் மேலேயே துள்ளித் திரிவதையும் விளக்கினார்கள். எங்கள் கூடத்திலும் இம்முடிவுகள் முழுமையாக உறுதிப்பட்டன: துளிகள் நாளிதழ் வரை பறந்தன, தாயார் அப்போதுதான் தரையைத் துடைத்து முடித்திருந்தார். மறுபடி யார் துடைப்பது என்ற கேள்வியை மட்டும் அவர்கள் இருவரும் எடுத்துக்கொள்ளவே இல்லை.