பெயர் சொல்லாப் பெருமை

கடலூர், சிதம்பரம் அரசுப் பள்ளிகள் வரை சென்ற விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸின் ஓரமாகக் குடியிருந்த பாஸ் லினக்ஸ் (அதை எத்தனை மாணவர் திறந்தனர் என்பது சிதம்பர ரகசியம்), மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் இயங்குதளத்தைத் திருத்தி உருவாக்கிய வழித்தோன்றல் வெளியீடாகும். மூலநிரலைத் திருத்தலாம், விற்கவும் செய்யலாம், பெறுபவருக்கும் அதே உரிமையைத் தந்தால் போதும் என்று இவ்வகை மென்பொருளுக்கான ஜி.பி.எல். உரிமம் வாரி வழங்கினாலும், பெயரும் சின்னமும் வணிகக்குறிச் சட்டத்தின் பிடியிலேயே இருக்கின்றன. டெபியனை அடிப்படையாகக் கொண்டது என்ற உண்மையைச் சொல்ல டெபியன் தடை விதிப்பதில்லை என்பதால் பாஸுக்குச் சிக்கல் எழவில்லை; ஆனால் அதே டெபியன், தான் திருத்திய பயர்பாக்ஸ் உலாவியை அப்பெயரில் வழங்க அதன் உரிமையாளரான மொசில்லா இசையாததால், 2006 முதல் 2016 வரை அதை 'ஐஸ்வீசல்' என்றே அழைக்க நேர்ந்தது.

ரெட் ஹாட் நிறுவனத்தின் லினக்ஸ் நிரலிலிருந்து பிறந்த சென்ட் ஓஎஸ் குழுவோ, 2005இல் அந்நிறுவனத்தின் வழக்கறிஞர் கடிதம் வந்தபின், கணவர் பெயரை உச்சரிக்காத அக்காலத்துப் பெண்மணியைப் போல, அந்நிறுவனத்தை 'வட அமெரிக்காவின் பெயர்பெற்ற லினக்ஸ் விற்பனையாளர்' என்று சுற்றிவளைத்துக் குறிப்பிட்டுவந்தது. 2014இல் அந்தப் பெயர்பெற்ற விற்பனையாளரே சென்ட் ஓஎஸ் திட்டத்தைத் தம் குடையின்கீழ்ச் சேர்த்துக்கொண்டபோது, அதன் வணிகக்குறியையும் மறவாமல் எழுதி வாங்கிக்கொண்டார்.