வெள்ளை மேஸும் செம்மண்ணும்: ரம்புக்கனைச் சீருடை பற்றிய ஓர் ஆராய்ச்சி

பாடசாலைச் சீருடையில் ஓர் உருப்படி எவ்வளவு சிறிதோ, அவ்வளவுக்கு அதன் செலவும் தொல்லையும் பெரிது என்பது இக்கட்டுரை நிறுவ முற்படும் கோட்பாடு. உடம்பை மூடும் துணியை அரசாங்கம் சும்மா தருகிறது. கழுத்தில் தொங்கும் டை, நெஞ்சில் குத்தும் பேட்ஜ், பின்னலில் கட்டும் ரிப்பன், கணுக்காலை மூடும் மேஸ் எல்லாவற்றுக்கும் காசு. ரம்புக்கனைப் பக்கத்துத் தோட்டங்களில் இது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும். நிரூபணம் கேட்பது கற்றறிந்த சபைதான். அந்தச் சபையின் பொருட்டே இவ்வளவு தாளும் மையும்.

முதலில் ஆய்வுக் களம். ரம்புக்கனை கேகாலை மாவட்டத்தில் இருக்கிறது. கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகும் ரயில் இந்த ஸ்டேஷனைத் தாண்டித்தான் கடுகண்ணாவை ஏற்றத்தில் மூச்சு வாங்கத் தொடங்கும். மழைக்குக் குறைவில்லை. மண் சிவப்பு, மண்ணியலார் அதைச் சிவப்பு மஞ்சள் பொட்சோலிக் என்பார்கள், சலவைக்கல்லின் முன் நிற்கும் தாய்மார் வேறு பெயர்கள் சொல்வார்கள், அவை அச்சேறத் தக்கவை அல்ல. மேட்டில் இறப்பர், அதற்கும் மேலே லயம், கீழே ரோடு, ரோட்டோரம் பாடசாலை. பிள்ளை காலையில் வெள்ளையாகக் கிளம்பி இறங்குகிறது. பாடசாலை வாசலை அடையும்போது என்ன நிறத்தில் இருக்கிறது என்பதே ஆராய்ச்சியின் மையப் பிரச்சினை.

நல்ல ஆய்வுக்கு ஒப்பீட்டுக் குழு ஒன்று வேண்டும் என்பார்கள். எமக்கு வாய்த்தவை பக்கத்துப் பின்னவலை யானைகள். 1975இல் அமைந்த அந்தக் காப்பகத்து யானைகள் மா ஓயாவில் இறங்கிக் குளிக்கின்றன. கரையேறியதும் மண்ணை அள்ளி முதுகில் போட்டுக்கொள்கின்றன. எந்த வாசலிலும் அவற்றை மறித்து, கழுவிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்புவதில்லை. அந்தக் குழு பற்றி எழுத வேறொன்றுமில்லை. அவை நன்றாக இருக்கின்றன.

வரலாற்றுப் பின்னணி சுருக்கமாக. கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டத்துப் பிள்ளைக்கு அது வந்து சேர, எழுபதுகளில் அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1980இல் பாடநூல் இலவசமானது. 1993இல், பிரேமதாச ஜனாதிபதியாக இருந்தபோது, சீருடைத் துணியும் இலவசமானது. இதை ஏளனம் செய்ய எந்த ஆய்வாளனுக்கும் வாய் வராது. ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள் படிக்க முடிந்ததற்கு அந்தத் துணியும் ஒரு காரணம். பிறகு 2016க்குத் துணிக்குப் பதில் வவுச்சர் கொடுத்துப் பார்த்தார்கள். அடுத்து வந்தவர்கள் மறுபடி துணிக்கே திரும்பினார்கள். பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு 2023இல் தேவையின் பெரும்பகுதியைச் சீனா அன்பளிப்பாகத் தந்தது. 2025க்கு முழுவதையுமே தந்தது. உலகத்துக்குச் சட்டை தைத்து அனுப்புவதையே தன் முதன்மையான பண்ட ஏற்றுமதியாக வைத்திருக்கும் நாடு, தன் பிள்ளைகளின் சட்டைத் துணிக்குத் துறைமுகத்தில் போய் நிற்கிறது. இந்த முரண் தனி ஆய்வுக்குரியது, நமக்கு வேலை மேஸில் இருக்கிறது.

2025க்கான கணக்கை மட்டும் பார்ப்போம். மாணவர் ஏறத்தாழ 46 இலட்சத்து 40 ஆயிரம். துணி ஏறத்தாழ 118 இலட்சம் மீற்றர். பெறுமதி 517 கோடி ரூபா. வகுத்தால் தலைக்கு இரண்டரை மீற்றர், 1,100 ரூபாவுக்குச் சற்று மேல். ஆண்டுக்கு ஒரு தரம். கிழமையில் பாடசாலை ஐந்து நாள் என்பதை இக்கணக்கில் எங்கும் காணவில்லை. தையல்கூலியையும் காணவில்லை. ஆகவே தாய் டெய்லரிடம் "வளர்த்தி பார்த்து தைங்க" என்கிறாள். சட்டை முதல் வருஷம் பிள்ளையை விழுங்கும், இரண்டாம் வருஷம் பொருந்தும், மூன்றாம் வருஷம் பிள்ளை சட்டையை விழுங்கும். கீழ்மடிப்பை ஒவ்வோராண்டும் பிரித்து இறக்கும்போது பழைய மடிப்பின் கோடு மட்டும் போகாது. வெள்ளைக்குள் இன்னொரு வெள்ளையாக நின்றுவிடும். பிள்ளைகள் அந்தக் கோடுகளை எண்ணிச் சட்டையின் வயதைச் சொல்கிறார்கள். மரவியலாருக்கும் இதே முறைதான்.

இனி மேஸ். அதன் முதல் எதிரி மண். அதை எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். இரண்டாம் எதிரியான இறப்பர் பாலை வெளியூர் ஆய்வாளர் தவறவிடுவார். சிரட்டையில் நிற்கும்போது பால் மேஸை விட வெள்ளை. துணியில் பட்டுக் காய்ந்தால் கறுத்து ஒட்டிக்கொள்ளும், எந்தச் சவர்க்காரத்துக்கும் மசியாது. பாடசாலைக்குப் போகிற வழியில் தாயிடம் சாவியைக் கொடுக்கவோ சாப்பாட்டுப் பார்சலை வாங்கவோ மரத்தடிக்குப் போன பிள்ளைகள் நிரந்தரமாகக் குறியிடப்பட்டிருக்கிறார்கள்.

மூன்றாவது எதிரி உயிருள்ளது. மழை விட்டதும் புல்லில் அட்டை எழும். வெள்ளை நூலின் கண் வழியாக நூலை விட மெல்லியதாகத் தன்னை இழுத்து நுழையும். கடிக்கும்போது தெரியாது, இரத்தத்தை உறையவிடாத ஏதோ ஒன்றை உள்ளே விட்டுவிட்டுத்தான் குடிக்கும். குடித்து விழுந்த பிறகும் சிவப்பு கசிந்துகொண்டே இருக்கும், காலைக் கூட்டம் முடியும்வரை. காலில் சன்லைட் சவர்க்காரத்தை வரட்டாகத் தேய்த்துக்கொண்டு போவது தோட்டத்து மருந்து. அது மழையில் நுரைக்கும். நுரை மேஸுக்கு வெளியே வந்தால் அதற்கும் தனியே விசாரணை உண்டு. இதே சப்ரகமுவ மாகாணத்தில் சிங்கராஜ வனம் பார்க்க வரும் வெள்ளைக்காரருக்கு முழங்கால்வரை அட்டை ஏறாத மேஸ் உண்டு. அது வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்று யாரும் விதிப்பதில்லை. தினமும் அட்டைக்குள் நடக்கும் பிள்ளைக்குத்தான் வெள்ளை விதி.

வாசலில் கேட்டவை:

"ஏன் மேஸ்ல ரத்தம்?"

"அட்ட கடிச்சிருச்சு சேர்."

"நாளைக்கு சுத்தமா வரணும்."

பின்னால் நின்ற பிள்ளை மெதுவாக: "அட்டகிட்ட சொல்லிட்டு வாரோம் சேர்."

மேஸைத் துவைப்பது ஒரு கலை என்றால், காய வைப்பது ஒரு விஞ்ஞானம். ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் இடி இடித்துக் கொட்டும். லயத்தில் வெயில் படும் கொடி என்று ஒன்று அப்போது கிடையாது. "அம்மா மேஸ் காயல" என்றால், "அடுப்புக்கு மேல போடு புள்ள" என்பதே விடை. விறகடுப்பின் மேல் மேஸ் காய்கிறது. கூடவே புகையும் குடிக்கிறது. காலையில் அது வெள்ளையும் இல்லை, சாம்பலும் இல்லை. அதற்கு நீலம் போட்டால் வானத்தின் பக்கம் போய்விடும். ஒரு வகுப்பில் வரிசையாகக் கால்களைப் பார்த்தால் புகை வெள்ளை, நீல வெள்ளை, மஞ்சள் வெள்ளை, செம்மண் வெள்ளை, புது வெள்ளை என்று பிரித்தறியலாம். சீருடை எல்லோரையும் சமமாக்கும் என்ற வாதத்தை இங்கேதான் நிறுத்தி விசாரிக்க வேண்டும். அந்த வாதம் பொய்யல்ல. வண்ணச் சட்டைகள் வந்தால் கடைக்காரர் பிள்ளையும் பால்வெட்டுகிறவர் பிள்ளையும் பக்கத்தில் நிற்கையில் என்ன ஆகும் என்று தாய்மாருக்குத்தான் முதலில் தெரியும். சீருடையை எடுத்துவிடுங்கள் என்று அவர்களில் எவரும் கேட்கவில்லை. ஆனால் வெள்ளை, எட்ட நின்று பார்க்கும்போதுதான் சமம். கிட்டப் போனால் யார் வீட்டில் குழாய்த்தண்ணீர், யார் வீட்டில் பீலித்தண்ணீர் என்பதுவரை சொல்லிக்கொடுத்துவிடும். கறுப்பு மேஸும் பிள்ளைகளைச் சமமாக்கும். அது காட்டிக்கொடுக்காது என்பதுதான் அதன் மேலுள்ள குற்றம் போலும்.

இதில் பொருளியல் நுட்பம் ஒன்று உண்டு. மழை பெய்தால் பட்டை நனைந்து பால் கழுவுண்டு போகும் என்பதால் பால்வெட்டு நிற்கும். வெட்டு நின்றால் பேர், அதாவது அன்றைய நாட்கணக்கு, இல்லை, பேர் இல்லையென்றால் சம்பளம் இல்லை. ஆக, மேஸ் அதிகம் அழுக்காகும் நாளும், புது மேஸ் வாங்கக் காசில்லாத நாளும் ஒரே நாள். இவ்வளவு துல்லியமான பொருத்தத்தைச் சோதிடர்கூடக் கண்டுபிடித்துத் தர மாட்டார்.

சப்பாத்துக்கு வருவோம். 250க்குக் குறைவான மாணவர் உள்ள பாடசாலைகளுக்கு 3,000 ரூபா சப்பாத்து வவுச்சர் தரப்பட்டது. 2024 செப்டெம்பரில் தேயிலைத் தோட்டத்துக்கு வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1,350 ரூபா. வவுச்சர் இரண்டு நாள் பேருக்கும் மேல். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் 250ஆவது பிள்ளை சேர்ந்த பாடசாலையை எண்ணிப் பாருங்கள். எல்லோருக்கும் சப்பாத்து இல்லாமல் போனது அந்தப் பிள்ளையாலா, அல்லது அதைச் சேர்த்துக்கொண்ட அதிபராலா என்பதில் அறிஞரிடையே கருத்தொற்றுமை ஏற்பட வாய்ப்பில்லை. வவுச்சர் வராத வீட்டில் அண்ணனின் சப்பாத்து இறங்குகிறது. முன்பக்கம் கடதாசி அடைத்து, விரிசலில் சுண்ணக்கட்டி தேய்த்து, பிள்ளை வாசலைத் தாண்டும் வரைக்கும் அது வெள்ளைச் சப்பாத்து. சுண்ணக்கட்டி கரும்பலகைக்கு வந்தது என்பதை நாமும் கண்டுகொள்ளவில்லை.

டையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. வெப்ப நாட்டில் கழுத்தை இறுக்கும் அந்தத் துண்டு, பாடசாலையில் மட்டுமே விற்கும் துண்டு, துணிக்கடையில் கிடைக்காது என்பதாலேயே அதன் விலை கேள்விக்கு அப்பாற்பட்டது. பேட்ஜும் அப்படியே. ஆண்டின் முதல் தவணையில் இல்ல விளையாட்டுப் போட்டி வரும். அதற்கு இல்ல நிறத்தில் டீ-சேர்ட். எம் பாடசாலைகளில் வள்ளுவர், கம்பர், பாரதி என்று இல்லங்கள் இருப்பது வழக்கம். மாசி, பங்குனியில் இறப்பர் இலை உதிர்ந்து பால் குறைந்திருக்கும் நேரம் பார்த்து, பாரதி இல்லத்துப் பிள்ளை வீட்டில் போய் டீ-சேர்ட்டுக்குக் காசு கேட்க வேண்டும். கறுப்புக் கோட்டும் தலைப்பாகையுமாகத் திரிந்த பாரதியார் இன்று வந்தால், தன் பெயர் எழுதிய இல்லத்தின் கொடியைத் தூக்குவதற்கு முன் வாசலிலேயே நிறுத்தப்பட்டிருப்பார்.

அயல்நாட்டு ஒப்புநோக்கு இல்லாமல் ஆய்வுக் கட்டுரை மதிப்புப் பெறாது. இங்கிலாந்தில் 1552இல் தொடங்கிய கிறைஸ்ட்ஸ் ஹொஸ்பிட்டல் பாடசாலையில் பிள்ளைகள் இன்றைக்கும் நீளமான நீலக் கோட்டும் மஞ்சள் மேஸும் அணிகிறார்கள். மஞ்சள் சாயம் எலியை விரட்டும் என்று அக்காலத்தில் நம்பியதால் அந்த நிறம் என்று ஒரு கதை சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, மேஸின் நிறத்துக்கு அங்கே ஒரு காரணமாவது சொல்லப்பட்டிருக்கிறது. அதே இங்கிலாந்தில் 2021இல் சீருடைச் செலவு பற்றி ஒரு சட்டமே கொண்டுவந்தார்கள். பாடசாலைச் சின்னம் பொறித்த உருப்படிகளைக் குறைக்க வேண்டும், பழைய சீருடை கைமாற வழி வேண்டும் என்று பாடசாலைகளுக்கு வழிகாட்டல் வந்தது. நமது வழக்கங்கள் பலவற்றை அவர்களிடமிருந்து பெற்றோம். இதைப் பெற இன்னும் நாள் இருக்கிறது போலும்.

உடை விதி தளர்ந்ததற்கு உள்ளூரில் முன்னுதாரணம் இல்லாமலும் இல்லை. நெருக்கடி ஆண்டான 2022இல் ரம்புக்கனையின் பெயர் நாடெங்கும் அடிபட்டது. ஏப்ரல் 19ஆம் திகதி எரிபொருள் விலையேற்றத்துக்கு எதிராக ரயில் பாதையை மறித்தவர்கள் மீது பொலிஸ் சுட்டதில் ஓர் உயிர் போனது. அதை வேடிக்கைக்கு இழுக்க மாட்டோம். அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டு நின்றது. அதே மாதம் அரச ஊழியர் பொருத்தமான எளிய உடையில் வரலாம் என்று சுற்றறிக்கை வந்தது. நவம்பரில் சில ஆசிரியைகள் சேலைக்குப் பதில் வேறு உடையில் பாடசாலைக்கு வந்தார்கள், கல்வியமைச்சு ஒப்பவில்லை. அந்த வாதம் பத்திரிகைகளில் பல கிழமை ஓடியது. சேலை விலை அலசப்பட்டது, ஒழுக்கம் அலசப்பட்டது, பண்பாடு அலசப்பட்டது. மேஸ் விலை பற்றி ஒரு வரி எம் கண்ணில் படவில்லை. பிள்ளைகளுக்குத் தொழிற்சங்கம் கிடையாது.

எனவே மேலும் ஆய்வு தேவை. முன்மொழியும் பரிசோதனை எளிது. நவம்பர் மாதம் ஒரு கிழமை, சீருடை விதிகளை எழுதுகிறவர்களும் வாசலில் நின்று சோதிக்கிறவர்களும் வெள்ளை மேஸும் வெள்ளைச் சப்பாத்தும் அணிந்து, ஏதாவதொரு தோட்டத்தின் மேற்கணக்கு லயத்திலிருந்து விடிகாலையில் நடந்து பாடசாலைக்கு வர வேண்டும். மேஸ் ஒரு சோடிதான். இரவில் தாங்களே துவைத்து அடுப்புக்கு மேல் காயப்போட வேண்டும். வெள்ளிக்கிழமை காலை வாசலில் நின்று அவர்களைச் சோதிக்கும் பொறுப்பு எட்டாம் வகுப்பு மாணவத் தலைவிக்கு. அவள் தயார். பங்குபற்ற விரும்புவோர் பட்டியல் இதுவரை வெறுமையாக இருக்கிறது.