கொட்டுகிறதா, பிடுங்குகிறதா?

கூண்டுக்கு அடியில் தினமும் ஒரு முறம் இறகு சேர்கிறது. என் காக்கடீலுக்கு என்ன வியாதி?
– பெருக்கிக் களைத்தவர், தாம்பரம்

தரையை விடுங்கள், பறவையைப் பாருங்கள். இவ்வளவு கொட்டியும் உடம்பில் எங்கும் வெறும் தோல் தெரியவில்லை என்றால் வியாதி இல்லை, மோல்ட்டிங் – பழைய இறகு உதிர்ந்து புதிது முளைப்பது. கிளி இனம் ஒரேயடியாக எல்லாவற்றையும் உதிர்க்காது. இறக்கையின் பெரிய இறகுகள்கூட இடதில் ஒன்று, வலதில் ஒன்று என ஏறக்குறைய ஜோடியாகத்தான் விழும். இல்லையென்றால் காட்டில் ஒரு பக்கம் சாய்ந்து பறந்து பருந்துக்கு விருந்தாக வேண்டியதுதான். பெருக்கியதில் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். இறகு முழுசாக, தண்டின் அடி காய்ந்து சுத்தமாக இருந்தால் தானாக விழுந்தது. தண்டு பாதியில் ஒடிந்தோ, ஓரம் மென்று துப்பியது போலவோ, அடியில் ரத்தக் கறையோடோ இருந்தால் மீண்டும் எழுதுங்கள்.

மோல்ட்டிங் எத்தனை நாள் நீடிக்கும்?
– அதே முறம், அதே தாம்பரம்

சின்னப் பறவைகளுக்குச் சில வாரங்கள். பெரிய மக்கா கிளிக்கு இறக்கை முழுக்க மாறி முடிய ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். ஆனால் நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கிறார்களே, அந்த பட்ஜிகள் ஆண்டு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்துக்கொண்டே இருக்கும். பகல் நீளத்தைப் பார்த்துப் பருவம் அறியும் பறவையை நடு ஹாலில், இரவு பதினோரு மணி வரை டியூப்லைட்டில் வைத்தால் அதன் பஞ்சாங்கமும் குழம்பும்.

தலையெல்லாம் முள் முள்ளாக இருக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவலாமா?
– அன்புள்ள எஜமானி, திருச்சி

வேண்டவே வேண்டாம். எண்ணெய் பட்ட இறகு ஒட்டிக்கொள்ளும், உடம்புச் சூட்டைக் காக்காது. பறவை அதைக் கோதிக் கோதி வயிற்றுக்குள்ளும் அனுப்பும். அந்த முள், உறைக்குள் சுருண்டிருக்கும் புது இறகு. நம் நகத்தில் இருக்கும் கெரட்டின்தான் அந்த உறையும். அரிக்கும். உடம்பில் மற்ற இடமெல்லாம் அலகால் கோதிக்கொள்ளும் கிளிக்குத் தன் தலை மட்டும் எட்டாது. காட்டில் துணைப்பறவை கோதிவிடும். உங்கள் வீட்டில் அந்த வேலை உங்களுக்கு. வெள்ளையாகக் காய்ந்த உறையை மட்டும் விரலால் மெல்ல உருட்டுங்கள், உதிர்ந்துவிடும். அடியில் கருநீலமாகத் தெரிவதைத் தொடாதீர்கள். உள்ளே ரத்தம் ஓடுகிறது. வெதுவெதுப்பான நீரைப் பகலில் தெளித்துவிடுங்கள். இறகில் பத்தில் ஒன்பது பங்கு புரதம் என்பதால் இந்த நாட்களில் கொஞ்சம் அவித்த முட்டை, முளைகட்டிய பயறு, முருங்கைக்கீரை கொடுங்கள்.

என் ஆப்பிரிக்கன் கிரேக்கு மார்பு மொட்டை, தலை மட்டும் சினிமா கதாநாயகன் போல் அடர்த்தி. மாமியார் “பேன்” என்கிறார்.
– நடுவில் மாட்டியவர், கோவை

மாமியாரை எதிர்க்க எனக்கே பயம்தான். ஆனாலும், வீட்டுக்குள் வளரும் கிளிக்குப் பேன், உண்ணி அபூர்வம். அலகு எட்டாத தலை முழுசாக இருக்கிறது, எட்டும் மார்பு மொட்டை. இதைவிடத் தெளிவான வாக்குமூலம் கிடைக்காது: கிளி தானே பிடுங்குகிறது.

“போரடிக்கிறது போல” என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். முதலில் பறவைகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர். கல்லீரல் கோளாறு, தோல் தொற்று, துத்தநாகப் பூச்சு உதிரும் கூண்டுக் கம்பியைக் கடித்து ஏறிய நஞ்சு, வெறும் சூரியகாந்தி விதையே தின்று வரும் வைட்டமின் ஏ குறைவு, சிகரெட் பிடித்த கையோடு தடவிக்கொடுப்பது – எல்லாமே பிடுங்க வைக்கும். ரத்தப் பரிசோதனை இல்லாமல் மனநோய்ப் பட்டம் கட்டுவது அநியாயம்.

உடம்பில் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு உங்கள் ஹாலுக்கு வருவோம். மேற்கு, மத்திய ஆப்பிரிக்கக் காடுகளில் கூட்டமாகப் பறந்து, பழம் தேடி, சண்டை போட்டே பகலைக் கழிக்கும் இனம் இது. உங்களிடம் கிண்ணத்தில் சாப்பாடு, சில நிமிடத்தில் காலி. மீதிப் பகலுக்கு என்ன செய்யும்? கையில் கிடைத்தது தன் இறகுதான். கிண்ணத்தை எடுத்துவிட்டு உணவை ஒளித்து வையுங்கள்: உரிக்காத சோளக்கதிர், கொட்டாங்குச்சிக்குள் பயறு, கசக்கிய காகிதத்துக்குள் ஒரு பாதாம். இருட்டில் பத்துப் பன்னிரண்டு மணி நேரத் தூக்கமும் வேண்டும். இன்னொன்று, அது பிடுங்கும்போது “ஐயோ கண்ணு, வேண்டாம்டா” என்று ஓடாதீர்கள். ஒரு இறகுக்கு ஒரு கொஞ்சல் என்று கணக்குப் போடக் கற்றுக்கொள்ளும். கிரே அவ்வளவு கெட்டிக்காரப் பறவை.

தலையும் சேர்ந்து மொட்டையானால்?
– குறுக்குக் கேள்வியார், ஈரோடு

கூண்டில் இன்னொரு பறவை இருக்கிறதா? அதுதான் குற்றவாளியாக இருக்கும், பிரித்து வையுங்கள். தனிப்பறவை என்றால், அதுவும் புது இறகு கோணல்மாணலாக முளைத்து அலகும் கெட்டால், சர்க்கோ வைரஸா என்று சோதிக்க வேண்டும்; மற்றப் பறவைகளுக்குத் தொற்றும். மஞ்சள் லுட்டினோ காக்கடீலுக்குக் கொண்டைக்குப் பின்னால் மட்டும் வழுக்கை என்றால் அது பரம்பரைச் சொத்து. வைத்தியம் வேண்டாம்.

என் கணவருக்கும் கொட்டுகிறது. மோல்ட்டிங்கா?
– பெயர் வேண்டாம், சேலம்

முள் முள்ளாகப் புதிது கிளம்புகிறதா என்று தடவிப் பாருங்கள்.

பிடுங்கிய இடத்தில் மறுபடி வளருமா? கழுத்துப்பட்டை மாட்டலாமா?
– அவசரக்காரர், மதுரை

இறகுக்குழி கெடாதவரை வளரும். வருடக்கணக்காகப் பிடுங்கிக் குழியே தழும்பாகிவிட்டால் வளராது. அதனால்தான் சீக்கிரம் காட்டச் சொல்கிறேன். பட்டை, காரணத்தைத் தீர்க்காது. தோலையே கிழிக்கும் நிலையில், மருத்துவர் சொன்னால் மட்டும். வளரும் இறகு ஒடிந்து ரத்தம் வந்தால் சோளமாவை வைத்து மெதுவாக அழுத்துங்கள். நிற்காவிட்டால் ஆட்டோ பிடியுங்கள்.

எங்கள் வீட்டுப் பச்சைக்கிளியும் பிடுங்குகிறது. டாக்டரிடம் போகத் தயக்கம்.
– பயந்தவர், தஞ்சாவூர்

தயக்கத்தின் காரணம் புரிகிறது. நம் நாட்டுப் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஜோசியக்காரர் கூண்டுக்கும் விலக்கு இல்லை. இதற்கு முட்டையும் சோளக்கதிரும் சொல்லி உங்களை மகிழ்விக்க மாட்டேன். பயத்தில் கதவைத் திறந்துவிட்டும் விடாதீர்கள். இறகில்லாத கிளியைக் காக்கை விடாது. வனத்துறை அலுவலகத்தில் நீங்களே ஒப்படையுங்கள்.