எலிசபெத் லைனில் ஒரு துறை

ஃபாரஸ்ட் கேட்டில் குடியிருந்துகொண்டு பாய்ப்படகு வைத்திருக்கிறேன் என்றால், கேட்பவர்கள் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எங்கே வைத்திருக்கிறீர்கள்?" என்கிறார்கள். நியாயமான கேள்விதான். எங்கள் தெருவில் ஒரு காரை நிறுத்திவைக்கவே கவுன்சிலிடம் பெர்மிட் எடுக்கவேண்டும். 26 அடி நீளமும் அதைவிடக் கொஞ்சம் உயர்ந்த பாய்மரமும் உள்ள ஒரு சாமானை வுட்கிரேஞ்ச் ரோட்டில் எங்கே செருகுவது?

சாமானின் பெயர் வெஸ்டர்லி சென்டோர். 1969 முதல் 1980 வரை 2,400க்கும் மேல் செய்து தள்ளிய படகு இனம். இங்கிலாந்தின் எந்தச் சேற்றுக்குள் எட்டிப் பார்த்தாலும் ஒன்று நிற்கும். அடியில் ஒன்றுக்கு இரண்டு கீல், மாட்டின் முன்னங்கால்கள்போல. தண்ணீர் வற்றினால் பக்கவாட்டில் சாயாமல் நிமிர்ந்து நின்றுகொள்ளும். இதில் பாதி எனக்கு, பாதி என் நண்பருக்கு. யாழ்ப்பாணத்தார் இரண்டு பேர் ஒரு சொத்தைப் பங்குபோட்டு வைத்திருந்தால் எப்படியும் ஒரு வேலிச் சண்டை வந்தாகவேண்டும். படகுக்கு வேலி கிடையாது. ஆகவே அதை எங்கே கட்டுவது என்பதில் சண்டையை வைத்துக்கொண்டோம்.

பல வருடமாக ஒரு எசெக்ஸ் ஓடையில் கட்டியிருந்தோம். போன மாரியில் கடிதம் வந்தது. நிலம் கைமாறிவிட்டது, பங்குனி முடிவதற்குள் வேறு இடம் பார்க்கவும். பங்காளி அன்றிரவே அட்மிரால்டி வரைபடத்தை மேசையில் விரித்தார். நான் லண்டன் ரயில் வரைபடத்தை விரித்தேன். எங்கள் இருவருக்குமுள்ள வித்தியாசம் அவ்வளவுதான். அவரிடம் கார் இருக்கிறது, என்னிடம் ஓய்ஸ்டர் கார்ட் இருக்கிறது. கடலோடி படகு கட்டுவதற்குப் பார்க்கவேண்டியது ஆழமும் காற்றும் நங்கூரம் பிடிக்கும் மண்ணும் என்று புத்தகங்களில் எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்கள் யாரும் சனிக்கிழமை காலையில் பாய்ப்பையும் சோற்றுப் பெட்டியும் தூக்கிக்கொண்டு ரயில் மாறியவர்கள் அல்லர்.

வீட்டில் ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. மனைவி சமையலறையிலிருந்தே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"இஞ்சேருங்கோ, வோன்ஸ்டெட் பிளாட்ஸில ஒரு குளம் கிடக்கெல்லே. அதுக்குள்ள விட்டிட்டு, பின்னேரத்தில போய்ப் பாத்திட்டு வாங்கோவன்."

நக்கல்தான். ஆனால் அடிப்படை இல்லாத நக்கல் அல்ல. டேம்ஸ் ரோட்டுப் பக்கம் இப்போது ஜூபிலி பாண்ட் என்று அழைக்கப்படும் அந்தக் குளத்துக்கு முன்பு மாடல் யாட் பாண்ட் என்றுதான் பெயர். பொம்மைப் பாய்ப்படகு விடுவதற்கான குளம். ஃபாரஸ்ட் கேட்டின் கடற்பயண மரபு முழங்கால் ஆழத்தில் முடிந்துவிட்டது.

அடுத்துக் கிட்ட இருப்பது ரோடிங் ஆறு. பார்க்கிங் ஊரைத் தொட்டுக்கொண்டு போய் தேம்ஸில் விழுகிறது. பஸ்ஸிலேயே போகலாம். ஆனால் ஏ13 நெடுஞ்சாலைப் பாலம் குறுக்கே தாழ்வாகக் கிடப்பதால் பாய்மரத்தைக் கழற்றிப் படுக்கவைத்தால்தான் ஊர்ப்பக்கம் வரலாம். பாலத்துக்கு வெளியே கட்டலாமென்றால், ஆறு தேம்ஸைச் சேரும் வாயில்தான் பெக்டன் கழிவுநீர் நிலையம், ஐரோப்பாவிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று. காற்று கச்சானாக அடித்தால் லண்டன் முழுவதும் காலையில் என்ன செய்தது என்பது தெரிந்துவிடும். பங்காளி மூக்கைப் பொத்திக்கொண்டே வரைபடத்தில் அந்த இடத்தைப் பென்சிலால் அடித்தார்.

தேம்ஸிலேயே, டவர் பிரிட்ஜுக்குக் கீழே, செயின்ட் கேதரின் டாக்ஸ். 1828இல் திறந்த துறை. தேயிலையும் தந்தமும் இறங்கிய இடத்தில் இப்போது பெரிய மனிதர்களின் படகுகள். அங்கே வாடகை மீட்டர் கணக்கு. ஆட்டோ மீட்டர் அல்ல, நீள மீட்டர், ஆனால் அதே வேகத்தில் ஓடும். விலையைக் கேட்டதும் பங்காளி, படகை ஒரு அடி வெட்டிவிடலாமா என்று யோசித்தார். லண்டனின் விசித்திரம் பாருங்கள்: 30 அடிக்கு மேல் உயரமான பாய்மரம் உள்ள எந்தப் படகுக்காரனும் 24 மணி நேரத்துக்கு முன் எழுதிக் கேட்டால், ஒரு சதமும் வாங்காமல் டவர் பிரிட்ஜைத் தூக்கித் திறந்துவிடுகிறார்கள். டபிள் டெக்கர் பஸ்ஸெல்லாம் எனக்காகக் காத்து நிற்கும். பாலத்தைத் திறந்து மூடுவது இலவசம், பாலத்துக்குப் பக்கத்தில் சும்மா கட்டிக்கிடப்பதற்குத்தான் காசு.

இந்த இடத்தில் மாமாவைப் பற்றிச் சொல்லவேண்டும். மாமா என்றால் மனைவியின் அப்பா. வல்வெட்டித்துறை. எண்பதைத் தாண்டியும் காலையில் எழுந்ததும் ஜன்னலைத் திறந்து காற்று சோளகமா வாடையா என்று பார்ப்பார். ஃபாரஸ்ட் கேட்டில் அதனால் ஆகக்கூடியது கொடியில் உடுப்புக் காயப்போடுவது மட்டும்தான், இருந்தாலும் பார்ப்பார். அவர் பிறப்பதற்கு முன்பே, அவருடைய ஊரில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கி, மனைவி பெயரை அதற்குச் சூட்டி, ஊர் மாலுமிகளையே ஏற்றி அனுப்ப, அது சூயஸ் வழியாகப் போய் 1938 ஆகஸ்டில் மசாசூசெட்ஸின் குளோஸ்டரில் நங்கூரம் போட்டது. இந்த வரலாறு தெரிந்த வீட்டில் மருமகனாக இருப்பது லேசுப்பட்டதல்ல. நான் டோவர் வரைக்கும் போய்வந்ததைச் சொன்னபோது, "ஓ" என்றார். அவ்வளவுதான்.

லீ-ஆன்-சீயைப் பார்க்க மாமாவையும் கூட்டிப்போனேன். வோன்ஸ்டெட் பார்க் ஸ்டேஷனில் ஏறி, பார்க்கிங்கில் மாறினால் கடல். லீயில் மட்டி விற்கும் கொட்டில்கள் வரிசையாக இருக்கும். 1940இல் டன்கர்க்கில் மாட்டிக்கொண்ட சிப்பாய்களை ஏற்றிவர இந்த மட்டிப் படகுகளும் போயின, அவற்றில் ஒன்று திரும்பவில்லை. கட்டுமிடமும் மலிவு. நாங்கள் போய் இறங்கிய நேரம் வத்து. கடல் இருந்த இடத்தில் கண்ணுக்கெட்டிய தூரத்துக்குச் சேறு, அதில் ஆங்காங்கே சாய்ந்தும் நிமிர்ந்தும் படகுகள். மாமா கைத்தடியை ஊன்றி நெடுநேரம் பார்த்தார்.

"தம்பி, உது துறையோ, நாத்து நடுற வயலோ?"

எங்கள் ஊர்க் கடலில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் வித்தியாசம் ஒரு மீட்டருக்குள்தான். இங்கே பெருநீர் நாட்களில் ஐந்து மீட்டரைத் தாண்டும். வத்து நேரத்தில் தண்ணீர் போகும் தூரத்துக்குச் சாட்சி, பக்கத்திலுள்ள சவுத்எண்ட் கடற்பாலம்: 2 கிலோமீட்டருக்கு மேல் நீளம், அதன்மேலேயே ரயில் ஓடுகிறது. கப்பல் கரைக்கு வரமுடியாததால் கரையைக் கப்பலிடம் கொண்டுபோயிருக்கிறார்கள். இதையெல்லாம் மாமாவுக்கு விளக்கிச் சொன்னேன். "அப்ப நீர் படகு ஓட்ட வேண்டாம், பாலத்தில நடந்தாலே காணும்" என்றார். ஒரு பொட்டலம் மட்டி வாங்கி, மிளகும் வினிகரும் போட்டு நின்றபடியே சாப்பிட்டார். மிளகாய்த்தூள் இல்லை என்பதைத் தவிர லீயில் அவருக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

பங்காளிக்கு மனம் கென்ட் பக்கம். மெட்வே வாயில் குயின்பரோ: எல்லாக் காற்றுக்கும் ஒதுக்கு, எந்த நேரமும் தண்ணீர், உணவகமும் உண்டு. எல்லாம் சரி. ஆனால் அந்த வழியில் ஷியர்னஸுக்கு வெளியே ரிச்சர்ட் மான்ட்கமரி என்ற அமெரிக்கக் கப்பல் 1944 ஆகஸ்டில் தரைதட்டி உடைந்து கிடக்கிறது. உள்ளே இன்னும் சுமார் 1,400 டன் வெடிபொருள். எடுப்பது ஆபத்து, விடுவதும் ஆபத்து என்று எண்பது வருடமாகச் சுற்றி மிதவை போட்டு வைத்திருக்கிறார்கள். கப்பல் கொடிமரங்கள் தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்பதைப் பங்காளி படம் எடுத்து வந்து காட்டினார். மனைவி படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அடுப்பை அணைத்தாள். வெடிகுண்டுக்குப் பக்கத்தால் போய்வரத்தானா ஊரைவிட்டு லண்டன் வந்தோம் என்று அவள் வாயால் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

மிச்சமிருந்தது க்ரௌச் ஆறு. ஃபாரஸ்ட் கேட்டில் எலிசபெத் லைன் ஏறினால் அரைமணி சொச்சத்தில் ஷென்ஃபீல்ட், விக்ஃபோர்டில் ஒரு மாற்றம், பிறகு ஒற்றைத் தண்டவாளத்தில் வயலும் வாய்க்காலுமாகப் போகும் சின்ன ரயில். எதிர் ரயில் வந்தால் ஒதுங்க நார்த் ஃபாம்பிரிட்ஜில்தான் இடம். கடைசிக்கு முந்திய ஸ்டேஷன் பர்ன்ஹாம்-ஆன்-க்ரௌச். ஆற்றங்கரையில் 1931இல் கட்டிய வெள்ளை வெளேரென்ற கண்ணாடி யாட் கிளப், அதையொட்டி நூற்றுக்கணக்கான மிதவைகள். அக்கரையில் வாலசீ தீவு. எலிசபெத் லைன் சுரங்கம் தோண்டிய மண் 30 லட்சம் டன்னுக்கு மேல் கப்பலில் ஏற்றி இங்கேதான் கொட்டியிருக்கிறார்கள், பறவைகளுக்கு மேடு போட. மண் எனக்கு முன்பே வழி கண்டுபிடித்து வந்து சேர்ந்துவிட்டது. என்னையும் அதே தடத்தில் அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மிதவையில் கட்டினால் மலிவு. ஆனால் கரையிலிருந்து சின்ன வள்ளத்தில் துடுப்புப் போட்டுப் போகவேண்டும். மிதவைப் பாலத்தில் கட்டினால் செருப்போடு நடந்து ஏறலாம், தண்ணீர்க் குழாயும் மின்சாரமும் கழிப்பறையும் உண்டு. மனைவி கழிப்பறையை மட்டும் நேரில் போய்ப் பார்த்தாள். சவர்க்காரம் இருக்கிறதா, கதவு பூட்டுகிறதா, நிலம் ஈரமா என்று ஒவ்வொன்றாய்ச் சோதித்து வந்து, "இது சரி" என்றாள். ஆழம், காற்று, மண் எல்லாவற்றையும் ஒரு மாரிகாலம் முழுவதும் அலசிய பங்காளி வாயைத் திறக்கவில்லை.

இனிமேல் பிரச்சினை வராது என்றிருந்தபோது ஏற்றவற்றக் கணக்கில் வந்தது. எசெக்ஸ் கரையில் அமாவாசையன்றும் பறுவத்தன்றும் உச்சநீர் நண்பகலை ஒட்டி, கோடை நேரத்தில் ஒரு மணி வாக்கில் வரும். நடுவே உள்ள வாரங்களில் விடியவும் பொழுதுபடவும் போய்விடும். ஆறுதலாக எழும்பி, தேத்தண்ணி குடித்து, ரயிலெடுத்துப் போகிறவனுக்கு ஆற்றில் நிறையத் தண்ணீர் கிடைப்பது அந்த இரண்டு நாட்களை ஒட்டித்தான். ஆனால் எனக்கு அப்பா இல்லை, அமாவாசை விரதம். அம்மாவும் இல்லை, பறுவ விரதம். நீர் உச்சிக்கு ஏறும் அதே மத்தியானத்தில்தான் படைத்துவிட்டுக் காகத்துக்குச் சோறு வைக்கவேண்டும். சந்திரன் என் படகையும் என் பெற்றோரையும் ஒரே நேர அட்டவணையில் போட்டிருக்கிறது.

சோற்றைப் பெட்டியில் கட்டிக்கொண்டுபோய்ப் படகிலேயே வைத்தாலென்ன என்று பழைய ஓடையில் ஒருமுறை செய்து பார்த்தேன். கேபின் கூரையில் வாழையிலைத் துண்டு விரித்து, சோறு, பருப்பு, வாழைக்காய்க் கறி, ஒரு வடை. காகம் வரவில்லை. நாரையளவில் ஒரு கடற்புறா வந்து இறங்கி, முதலில் வடையைத் தூக்கியது, பிறகு இலையைத் தூக்கியது. எங்கள் அப்பாவும் வடையைத்தான் முதலில் எடுப்பார், அதனால் எனக்கு ஆட்சேபம் இல்லை. மாமாவுக்குத்தான் இது செல்லுமோ செல்லாதோ என்ற சந்தேகம் இன்னும் தீரவில்லை.

ஒருவழியாக ஒப்பந்தம் எழுதியாயிற்று. படகை இறக்க ஒரு சனிக்கிழமை ஒன்றரை மணிக்குக் கிரேன் தருவதாகச் செய்தி வந்தது. மாமா மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பஞ்சாங்கத்தைப் புரட்டினார்.

"சனி ஒண்டரையிலயிருந்து மூண்டு மட்டும் எமகண்டம். கிரேன்காரனிட்டச் சொல்லும் தம்பி, ஒண்டேகாலுக்குத் தூக்கச் சொல்லி."

இதை ஒரு எசெக்ஸ்காரரிடம் எப்படிச் சொல்வது? தொலைபேசியில் தயங்கித் தயங்கி, வீட்டில் பெரியவர் ஒருவர் நேரம் பார்ப்பார் என்றேன். மறுமுனையில் சிரிப்பே இல்லை. வெள்ளிக்கிழமை படகை இறக்கவே மாட்டோம் என்று நிற்பவர்கள் இங்கே எத்தனை பேர் தெரியுமா, கால் மணி நேரம்தானே, தாராளமாக, என்றார். ஆங்கில மாலுமிகளுக்கு வெள்ளிக்கிழமை புறப்படுவது ஆகாது என்பது பழைய நம்பிக்கை. எனக்கு அந்தக் கிரேன்காரரைக் கட்டிப்பிடிக்கவேண்டும்போல் இருந்தது.

மாமா விஷயத்தை முடிக்கவில்லை. இறக்கியபின் எந்தத் திசைக்கு ஓட்டுவாய் என்று கேட்டார். க்ரௌச் ஆறு கடலைச் சேர்வது கிழக்கே, வேறெங்கே ஓட்டுவது என்றேன். விரலைப் பக்கத்தில் வைத்தபடி நிமிர்ந்தார்: சனிக்கிழமை கிழக்கே சூலம். பங்காளி தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பரிகாரமும் மாமாவிடமே இருந்தது. கிழக்குச் சூலத்துக்குத் தயிர் சாப்பிட்டுவிட்டுப் புறப்படலாம். ஆகவே படகுச் சாமான் பட்டியலில் நங்கூரச் சங்கிலி, துருப்பிடிக்காத கொக்கி இரண்டு, அடிப்பூச்சு ஒரு டின் ஆகியவற்றுக்குக் கீழே பங்காளி தன் கையாலேயே எழுதியிருக்கிறார்: தயிர், பெரிய டப்பா.