வேட்டியும் வேதியியலும்

எங்கள் வீட்டில் காலித் தண்ணீர் பாட்டில்களுக்கு ஓய்வே கிடையாது. தெருவில் "ஆசிட், பினாயில்!" என்று கூவி வருபவர் அவற்றில்தான் ஊற்றித் தருவார். பெயிண்ட் அடித்தவர் விட்டுப்போன தின்னரும் அப்படியொரு பாட்டிலில்தான் குடியிருக்கிறது. லேபிளில் பனிமலை, உள்ளே என்ன என்பது அம்மாவுக்கு மட்டுமே வெளிச்சம். அம்மா சித்தி வீட்டுக்குப் போயிருந்த அன்று, அதில் ஒன்று குளியலறையில் கவிழ்ந்தது.

குடும்பத் தலைவன் பதவிக்கு ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கும் மதிப்பில்லாததால், இப்படிப்பட்ட வாய்ப்புகளை நான் நழுவவிடுவதில்லை. மேலும், பிளஸ் டூ உப்புப் பகுப்பாய்வில் முழு மதிப்பெண் வாங்கியவன். வேட்டியை மடித்துக்கட்டி, குனிந்து, மூக்கை நீட்டினேன்.

"ஏங்க, அது என்னன்னு தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க? முதல்ல வெளிய வாங்க" என்றாள் மனைவி. அவள் படித்தது பி.ஏ. தமிழ்.

எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்சுக்குக் கை நீட்டினேன், "தின்னரா இருந்தா?" என்றாள். சுவிட்சில் தெறிக்கும் பொறி ஒன்று போதும், ஆவி பற்றிக்கொள்ள. ஒரு வாளித் தண்ணீர் என்றேன். அமிலமானால் சூடேறித் தெறிக்குமாம். எதிர்வீட்டு மாமா ஜன்னல் வழியாக, "பிளீச்சிங் பவுடரைத் தூவுங்கோ!" என்று குரல் கொடுத்தார். நல்லவேளை, டப்பா அகப்படவில்லை. பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் சேர்ந்தால் வருவது குளோரின். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கு அருகே ஜெர்மன் படை சிலிண்டர்களிலிருந்து திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும். குனிந்து முகர்பவருக்கே முதல் பந்தி.

மனைவி குழந்தைகளை வெளியே அனுப்பி, கதவைச் சாத்தி, 112-ஐ அழைத்தாள். பிறகு அம்மாவுக்குப் போன். "நீல மூடியா? ஆசிட்டுடி அது."

அதற்குள் என் வேட்டி ஓரத்தில் பொட்டுப் பொட்டாக ஓட்டைகள், காலில் எரிச்சல். ரசாயனம் பட்ட துணியை உடனே களைய வேண்டும். பட்ட இடத்தை ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். விதி அவ்வளவுதான். வாசல் குழாயடியில், பட்டாபட்டி டிரவுசரோடு, அந்த விதியை நான் நிறைவேற்றிக்கொண்டிருந்தபோது தீயணைப்பு வண்டி வந்தது. கூடவே தெருவும் வந்தது. 15 நிமிடம் எவ்வளவு நீளம் என்பது அன்றுதான் தெரிந்தது. கீரைக்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, நின்று பார்த்தார்.

ஆகவே வாசகர்களே, ஆசிட்டைத் தண்ணீர் பாட்டிலில் வாங்காதீர்கள். இருக்கிற பாட்டில்களில் இன்றே பெயர் எழுதி ஒட்டுங்கள். தெரியாத எதுவும் கொட்டினால் முகராதீர்கள், தொடாதீர்கள். வெளியே வந்து போன் செய்யுங்கள். எதற்கும், வேட்டிக்குள் போடுவது கொஞ்சம் நல்ல டிரவுசராக இருக்கட்டும்.