அரைப்பேர்

கொழுந்து எடுக்கிறவர்களின் உழைப்பை மறைக்க முடியாது. எங்கள் தோட்டத்தில் ஒரு நாளைக்கு 18 கிலோ எடுத்தால் ஒரு பேர், அதாவது முழுநாள் சம்பளம், விழும். குறைந்தால் அரைப்பேர். தராசு முகம் பார்க்காது. நல்லவேளையாக, வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறவனைத் தராசில் ஏற்றும் வழக்கம் திம்புள்ளப் பக்கம் இன்னும் வரவில்லை.

நான் கொழும்பில் புடவைக் கடையில் நிற்கிறவன். 2020 மார்ச் 20ஆம் திகதி மாலை நாடு முழுக்க ஊரடங்கு போட்டார்கள். அதற்கு முதல்நாள் ஒரு பையோடு லயத்துக்கு வந்து சேர்ந்தேன். பள்ளிக்கூடங்களை அதற்கு ஒரு வாரம் முன்பே மூடிவிட்டார்கள். மூடாதது தேயிலை மலை மட்டும்தான். கொழுந்துக்கு ஊரடங்கு தெரியாது. ஏழெட்டு நாளில் திரும்ப எடுக்காவிட்டால் முற்றிப்போகும். ஆகவே 700 ரூபாய் அடிப்படைச் சம்பளத்துக்கு என் மனைவி காலையில் பெரட்டுக்குப் போனாள். நான் இஸ்தோப்பில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தேன்.

“சும்மாதான இருக்கீங்க, புள்ளைங்க பாடத்தைக் கொஞ்சம் பாருங்க” என்றாள் ஒரு நாள், படங்கை இடுப்பில் கட்டிக்கொண்டே.

“இதுல என்னா இருக்கு? நான் ஓ.எல். கணக்குல பாஸ் பண்ணவன்” என்றேன். சாதாரண சித்தி என்பதையும், அதுவும் இரண்டாந்தரம் எழுதி எடுத்தது என்பதையும் சொல்லவில்லை. அவளுக்கு அது தெரியும் என்பது என் நினைவுக்கு வரவில்லை.

கடைப் பில்லின் பின்பக்கம் நேரசூசி போட்டேன். ஏழரைக்குத் தேவாரம், எட்டுக்குத் தமிழ், ஒன்பதுக்குக் கணிதம். தேவாரத்தில் முதல் இரண்டு அடிக்குப் பிறகு எனக்கே வரவில்லை. பிள்ளைகள் பாடி முடித்தார்கள், நான் கண்ணை மூடிக்கொண்டு பக்தியாக இருந்தேன். எட்டே காலுக்குள் இரண்டாம் வகுப்புக்காரன் மூன்று தடவை கக்கூசுக்குப் போய்வந்தான். மூன்றாம் தடவை நாய்க்குட்டியோடு வந்தான்.

கணிதத்தை வாழ்க்கையோடு சேர்த்துச் சொல்லவேண்டும் என்று எங்கோ கேட்டிருந்தேன்.

“அம்மா காலை நிறுவையில 6 கிலோ, பகல்ல 7, பின்னேரம் 7. மொத்தம் எத்தனை?”

“பதினாலு.”

“இருபதுடா!”

“ஒவ்வொரு நிறுவைக்கும் தண்ணிக்கு ரெண்டு கிலோ கழிப்பாங்கப்பா” என்றான். அக்காக்காரி கொப்பியிலிருந்து தலை தூக்காமலே, “பதினாலுன்னா அரைப்பேர்தான்” என்றாள்.

நான் அடுத்த பாடத்துக்குப் போனேன்.

அடுத்தது சுற்றாடல். ஊரிலுள்ள ஒரு நீர்வீழ்ச்சியை வரையச் சொல்லி வட்ஸ்அப்பில் வந்திருந்தது. எங்களுக்கா பஞ்சம்? ஒரு பக்கம் டெவன், இன்னொரு பக்கம் குட்டி நயாகரா என்று பேர் வாங்கிய சென் கிளேயர். பயல் பக்கம் நிறையக் கறுப்பாகப் பாறை வரைந்து, நடுவில் ஒற்றை நூல்போல நீலக்கோடு இழுத்தான். “தண்ணி எங்கடா?” என்று அதட்டினேன். “குழாய்க்குள்ள போகுதுன்னு நீங்கதான் சொன்னீங்க.” சொன்னது உண்மை. 2012இல் தலவாக்கலையில் மேல் கொத்மலை அணை வேலைக்கு வந்த பிறகு ஆற்றுத் தண்ணீரில் பெரும்பங்கு சுரங்கம் வழியாக மின்சாரம் எடுக்கப் போகிறது, சென் கிளேயர் மெலிந்துவிட்டது. பயல் கண்டதை வரைந்திருக்கிறான். நானோ அழிரப்பரை எடுத்து, கலண்டரில் இருப்பதுபோல நீலத்தை அள்ளிப் பூசிக்கொடுத்தேன். அன்று நான் செய்த காரியங்களில் இதற்குத்தான் இன்றும் வெட்கப்படுகிறேன்.

மகளுக்கு அது புலமைப்பரிசில் வருடம். கடந்தகால வினாத்தாளைக் கொண்டுவந்து வைத்தாள்: நான்கு உருவங்கள், அடுத்து வருவது எது? காகிதத்தைத் திருப்பிப் பார்த்தேன், சாய்த்துப் பார்த்தேன். பிறகு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் தேடினேன். விடைப் பக்கத்தை டீச்சர் முன்பே கிழித்து வாங்கிக்கொண்டாராம். என்னைப் போன்றவர்களை அவர் நிறையப் பார்த்திருப்பார். “யோசிச்சுக்கிட்டு இரு, அடுப்பைப் பாத்துட்டு வர்றேன்” என்று எழுந்து போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. பகலுக்கு ரொட்டி சுடவேண்டும் என்பது அப்போதுதான் நினைவு வந்தது.

ரொட்டி தீய்ந்தபோது அப்பாயியை நினைத்துக்கொண்டேன். அவர் காலத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஒரே அறை, ஒரே வாத்தியார், ஐந்து வகுப்பு. 1907இலேயே தோட்டத்துப் பிள்ளைகளின் படிப்புக்குத் தோட்டத்து நிர்வாகமே பொறுப்பு என்று சட்டம் வந்துவிட்டது. அந்தப் பள்ளிக்கூடங்கள் அரசாங்கத்தின் கைக்குப் போய்ச்சேர எழுபதுகள் ஆயிற்று. இங்கிருந்து எட்டிப்பிடிக்கிற தூரத்தில், வட்டகொட மடக்கும்புரையில் 1914இல் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளையும் பிற்பாடு பாராளுமன்றத்துக்குப் போய் எழுத்தாளராகப் பேர் எடுப்பதற்கு முன் வாத்தியார் வேலை பார்த்தவர்தான். ஐந்து வகுப்பை ஒரு மனுசன் மேய்த்திருக்கிறான். எனக்கு இரண்டு பிள்ளையும் ஒரு நாய்க்குட்டியும்.

பின்னேரம் மூன்று மணிக்குள் பயல் ‘ஞ’ வரிசையை எழுதி முடித்து, படம் எடுத்து டீச்சருக்கு அனுப்பவேண்டும். பயல் தூங்கிவிட்டான். எழுப்பினால் அழுவான், அழுதால் பக்கத்துக் காம்பராப் பாட்டி வந்து விசாரிப்பார். பென்சிலை எடுத்து நானே எழுதினேன், சின்னப் பிள்ளை எழுத்துபோல இருக்கட்டும் என்று கொஞ்சம் கோணலாக. உண்மையைச் சொன்னால், கோணலுக்கு நான் பெரிதாகப் பாடுபடவில்லை. மாரியம்மன் கோயில் மேட்டில்தான் சிக்னல் கிடைக்கும். மழைக்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஏறி, கோபுரத்துப் பக்கம் கையை நீட்டி நின்று அனுப்பினேன்.

பதில் வரும்போது அந்தியாகிவிட்டது. மனைவி கூடையை இறக்கிவைத்து, காலில் ஏறிய அட்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். மேட்டுக்குப் போய்வந்த பக்கத்து வீட்டுத் தம்பி போனைக் கொண்டுவந்து டீச்சரின் குரலைச் சத்தமாகப் போட்டுக் காட்டினான். எல்லாரும் கேட்டோம்.

“மகன்ட எழுத்து வரவர மோசமா இருக்கு. போன கிழமை இத விட உறுப்பா எழுதினாரே. அப்பாவப் பக்கத்துல உக்காந்து எழுதப் பழக்கச் சொல்லுங்க.”

மனைவி கொப்பியை வாங்கிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“அரைப்பேரு கூட விழாது” என்றாள்.

அந்த வருடப் புலமைப்பரிசில் பரீட்சை தள்ளித்தள்ளிப் போய் ஒக்டோபர் 11இல் நடந்தது. உருவக் கணக்கை மகள் தானே கண்டுபிடித்துக்கொண்டாள், எனக்கும் விளக்கினாள். ஊரடங்கு தளர்ந்ததும் தலவாக்கலை டவுனில் இரண்டு இரட்டை ரூல் கொப்பி வாங்கினேன். ஒன்று பயலுக்கு, ஒன்று எனக்கு. என் கொப்பியை அவன்தான் சிவப்புப் பேனையால் திருத்துகிறான். ‘ஞ’வுக்கு இதுவரை ஒரு சரியும் போடவில்லை.